சுவரோரத்துப் பாறை

குட்டி அத்தைக்கு அறுபது தாண்டிய பிறகும் பேர் குட்டி அத்தைதான். வீட்டின் கடைசிப் பெண்ணாகப் பிறந்ததால் ஒட்டிக்கொண்ட பட்டம். முடி நரைத்தது, முன்பல் இரண்டு விழுந்தது, பட்டம் மட்டும் விழவில்லை. அண்ணனும் அண்ணியும் அவளைக் "குட்டி" என்பார்கள். அண்ணன் மகன், டவுனில் டயர்க்கடை வைத்திருப்பவன், தானே இரண்டு பிள்ளைக்கு அப்பனான பிறகும் "குட்டி அத்தை" என்றுதான் கூப்பிட்டான்.

மாட்டுக்குத் தண்ணி காட்டுவது, களை பிடுங்குவது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் அவள் வேலை. புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்த பெண் எந்த வீட்டிலும் செய்கிற வேலைதான். அக்கம்பக்கத்தார் அவளைப் பற்றிப் பேசியது வேறொன்றுக்காக. அந்தக் குடும்பத்தில் யார் செத்தாலும் குழி தோண்டியவள் அவள்.

மாட்டுக் கொட்டகையைத் தாண்டினால் ஒரு மேடு. மேட்டின் மேல் நாலு பக்கமும் இடுப்பளவு கல்சுவர். ஒரு இரும்புக் கதவு, கீல் போய் எத்தனையோ காலமாகக் கம்பியால் கட்டித்தான் நிற்கிறது. உள்ளே ஒரே ஒரு மரம், மற்றதெல்லாம் நட்ட கல். அதுதான் குடும்பத்து இடுகாடு. நாலு பாத்தி கீரை போட்டால் நிறைந்துவிடும், அவ்வளவுதான் இடம்.

அந்த நிலத்தில் முதன்முதலில் குடியேறியவரை வீட்டில் யாரும் பாட்டன், பூட்டன் என்று சொல்வதில்லை. "வந்தவர்" என்பார்கள். வந்தவரும் அவர் தம்பியும், இருவர் மனைவிமாரும், கைப்பிள்ளைகளும், ஒரு வண்டியும், ஒரு பசுவும். முள்ளும் கல்லுமாகக் கிடந்த இடம். வந்த முதல் மழையோடு காய்ச்சலும் வந்தது. வீட்டுக்குக் கூரை போடும் முன்னே குழி போட வேண்டியதாயிற்று. முதலில் தம்பியின் குழந்தை, அப்புறம் தம்பியின் மனைவி, அப்புறம் வந்தவரின் குழந்தைகள், ஒன்றன்பின் ஒன்றாக. கீழே எங்கே வெட்டினாலும் தண்ணீர் ஊறியதால் மேட்டுக்குத் தூக்கிப் போனார்கள். கூப்பிட்டால் வர ஒரு ஜனம் இல்லை. தூக்கியதும் அவர்களே, தோண்டியதும் அவர்களே, மண் தள்ளியதும் அவர்களே.

கதியில்லாமல் செய்ததெல்லாம் பின்னால் முறை ஆகிவிட்டது. ஆளில்லாமல் தாங்களே தோண்டினார்கள். "நம்ம குழியை நம்ம கைதான் தோண்டணும்" என்று ஆனது. நரி கிளறாமல் இருக்கச் சுவர் எழுப்பினார்கள். "சுவருக்கு வெளியே நம்ம ஆள் படுக்கக் கூடாது" என்று ஆனது. வந்தவர் கல்லைத் தலைமாட்டில் நடாமல் கால்மாட்டில் நட்டார். என்றைக்காவது எழுந்து உட்கார்ந்தால் தான் யார் என்று படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்றாராம். சிரித்துக்கொண்டு சொன்னாரா, அழுதுகொண்டு சொன்னாரா தெரியாது. அதுவும் முறைதான்.

இன்னொன்றும் உண்டு. பிள்ளைகள் சாகச் சாக அவருக்குக் கல் கொத்தி மாளவில்லை. ஒருநாள் உளியைத் தூக்கிப் போட்டுவிட்டு, "இனிமே பேர் வெக்காத பிள்ளைக்குக் கல்லு கிடையாது" என்றார். பேரே இல்லாதபோது எதைக் கொத்துவது? அன்றிலிருந்து பேர் வைக்காத பிள்ளைகளைச் சுவரோரமாகப் புதைத்து மண்ணைச் சமப்படுத்திவிடுவார்கள். இரண்டு மழை பெய்தால் எந்த இடம் என்று பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது.

குட்டி அத்தை நிஜமாகவே குட்டியாக இருந்த காலத்தில், யாரோ ஒரு பெரியவருக்கு அவள் அப்பா குழி வெட்டுவதை மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மண்வெட்டியில் மண்ணோடு ஏதோ வந்தது. குருவி எலும்பு மாதிரி மெல்லிசாக.

"என்னப்பா அது?"

"பழசு," என்றார் அப்பா. அதை மண்குவியலோடு ஒதுக்கினார். குழி மூடும்போது மண்ணோடு மண்ணாக அதையும் தள்ளினார். இடம் சின்னது, ஆட்கள் அதிகம். அவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவள் பார்த்துவிட்டாள்.

வயது வந்ததும் செங்கல் சூளையில் வேலை பார்த்த ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் அவன் வேலை தேடித் தூரத்துக்குப் போனான். போன இடத்தில் வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான் என்பது பின்னால் தெரிந்த சேதி. அப்போது தெரிந்ததெல்லாம் ஆள் வரவில்லை என்பதுதான். வயிற்றில் பிள்ளையோடு அப்பா வீட்டுக்கு வந்தாள். அண்ணி அப்போது புது மருமகள். அந்த வீட்டில் எந்தப் பானையில் என்ன இருக்கிறது என்றுகூட முழுசாகத் தெரியாதவள். சமையலறையை ஒட்டிய அறையில் பிள்ளையைக் கையில் வாங்கியவள் அவள்தான். பெண் குழந்தை, நாள் நிறையும் முன்னே பிறந்தது. அழுதால் பூனைக்குட்டி மாதிரி இருக்கும்.

"பேர் வெச்சிடலாமே குட்டி," என்றாள் அண்ணி.

"அவர் வரட்டும் அண்ணி. அவர் வந்து வெக்கட்டும்."

"அவர் வர்றதுக்குள்ள இவ பள்ளிக்கூடமே போயிடுவா."

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், பிள்ளை முழித்துக்கொள்ளும் என்று. அந்தச் சிரிப்பைப் பின்னாளில் அண்ணி பலமுறை நினைத்துக்கொண்டதுண்டு. சளி கட்டி, மூச்சு இழுத்து, ஒரு காலையில் பிள்ளை அடங்கிவிட்டது. அப்பா அதை ஒரு துணியில் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு, தூங்குகிற பிள்ளையைத் தூக்கிப் போவதுபோலத்தான் மேடேறிப் போனார். சுவர் மூலையில் புதைத்தார்.

"அப்பா, ஒரு சின்னக் கல்லு..."

"பேர் இல்லையேம்மா."

அவள் மனதில் ஒரு பேர் இருந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அந்த மூலைக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டி, ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கும் அளவுக்கு வெற்றிடம் இருந்தது. அடுத்து யார் போனாலும் அங்கேதான் கடப்பாரை விழும். விழுந்தால் மூலை மண்ணும் சரியும். மண்வெட்டியில் ஏதோ மெல்லிசாக வரும். யாராவது "பழசு" என்பார்கள். குட்டி அத்தைக்கு இது ராத்திரி பகல் எந்நேரமும் கண்ணில் நின்றது. அவள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த மூலையை யாரும் கிளறக் கூடாது. தன் காலம் வரும்போது தான் போய் அதன் பக்கத்தில் படுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

கிணற்றடியில் துவைக்கிற கல் இரண்டு கிடந்தன, பெரிது ஒன்று, சின்னது ஒன்று. ஒரு மத்தியானம், எல்லோரும் வயலில் இருந்த நேரம், அவள் சின்னதைக் கடப்பாரையால் நெம்பிப் புரட்டிப் புரட்டி மேட்டுக்குக் கொண்டுபோனாள். பிள்ளை பெற்ற உடம்பு, ரத்தப்போக்கு நின்று அதிக நாள் ஆகவில்லை. சுவரோரத்து வெற்றிடத்தின் நடுவில் ஒரு சாண் ஆழத்தில் அந்தக் கல்லைப் படுக்க வைத்து மண்ணை மூடி மிதித்தாள். மேலே சருகை அள்ளித் தூவினாள். வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டினாள்.

கல் காணோம் என்று வீட்டில் முதலில் கூச்சல் போட்டது அண்ணி. அவள் உயரத்துக்கு அந்தச் சின்னக் கல்தான் தோதாக இருந்தது. "கல்லுக்குக் கால் முளைச்சு நடந்து போச்சா?" என்று கேட்டுக்கொண்டே வேலியைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். பக்கத்து நிலத்துக்காரர் வீட்டுக் கிணற்றடியில் புதிதாக ஒரு கல் போட்டிருந்தார்கள். போதாதா? அன்றைக்குக் கிளம்பிய சண்டையில் அவருக்குக் "கல்திருடன்" என்று பேர் வந்தது. அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை நின்றுபோனது. கல்லைத் திருடி என்ன சூப்பு வைப்பேனா என்று அந்த மனிதர் சந்தையில் நின்று புலம்பியதைச் சொல்லிச் சொல்லி அண்ணி சிரிப்பாள். குட்டி அத்தை அந்தச் சண்டையில் வாயைத் திறக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள், பேச்சு வரவில்லை என்று விட்டுவிட்டார்கள்.

அடுத்து இறந்தவர் சித்தப்பா. அப்பா சுவரோரம் வந்து நின்று கடப்பாரையை ஓங்கிப் போட்டார். டங் என்றது. கொஞ்சம் தள்ளிப் போடக் கடப்பாரையைத் தூக்கினார்.

"நான் முன்னாடியே பாத்துட்டேம்ப்பா," என்றாள் குட்டி அத்தை. "அந்தப் பக்கம் பூரா பாறைதான்."

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். மூலையைப் பார்த்தார். கடப்பாரையை இறக்கிக்கொண்டு, "சரி, மரத்தடியில அளந்து பாரு," என்று அண்ணனிடம் சொன்னார். அதற்குப் பிறகு அவர் சாகும்வரை சுவரோரத்தைப் பற்றிப் பேசவில்லை.

அப்பா போனபோதுதான் முறைக்கு ஆபத்து வந்தது. அண்ணனுக்கு இழுப்பு நோய். நாலு தடவை மண்வெட்டி போட்டால் ஐந்தாவது தடவைக்கு அவரையே குழியில் வைக்க வேண்டும். அண்ணன் மகன் அப்போது சின்னப் பையன். வெளியாளைக் கூப்பிடலாமா என்று அண்ணன் இழுத்துக்கொண்டிருக்கும்போதே குட்டி அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கடப்பாரையோடு மேடேறிவிட்டாள். அன்று தொட்டு அந்த வீட்டுச் சாவெல்லாம் அவள் கையில். அம்மாவுக்குத் தோண்டினாள், சித்திக்குத் தோண்டினாள், பெரியப்பா வழியில் வந்தவர்களுக்குத் தோண்டினாள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மார்பளவு குழிக்குள் நின்று, "படுத்துப் பாக்கட்டுமா, நீளம் சரியா இருக்கான்னு?" என்று கேட்பாள். சுற்றி நிற்கும் பெண்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

மண்ணைப் பற்றி அந்த வீட்டில் அவள் சொன்னதே சொல். சுவரோரம் பாறை என்றால் பாறை. வெளியிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மருமகள்களுக்குக்கூட, கிணறு இங்கே, கொட்டகை அங்கே, சுவரோரம் பாறை என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒருவரும் இன்னொரு தடவை கடப்பாரை போட்டுப் பார்க்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மற்ற இடமெல்லாம் நிறைந்துபோனது. சுவருக்கு வெளியே இருந்த நிலம் எப்போதோ கைமாறிவிட்டது.

அப்புறம் அண்ணனுக்கு வந்தது.

இழுப்பு முற்றி, படுத்தால் மூச்சு விட முடியாமல், கட்டிலில் தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்தபடிதான் இருந்தார். டவுனில் பொது இடுகாட்டில் இடம் பார்க்கலாம் என்று மகன் சொல்லிவிட்டுப் போன மறுநாள், தங்கையைக் கூப்பிட்டார். அண்ணி கதவருகே முறத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"குட்டி, அந்தச் சுவரோரம் ஒரு தடவை பாத்துட்டு வாயேன்."

"அங்க பாறையாச்சே அண்ணா."

"அதான் பாக்கச் சொல்றேன். சின்னப் பாறைன்னா உடைச்சிடலாமில்ல. யாருன்னே தெரியாதவங்க நடுவுல என்னைக் கொண்டுபோய்ப் போடாதீங்க. அம்மா அப்பா எல்லாம் இங்க இருக்கும்போது..." மூச்சு வாங்கியது. மீதியைக் கையைக் காட்டிச் சொன்னார்.

குட்டி அத்தை கடப்பாரையை எடுத்துக்கொண்டு மேடேறினாள். வெகுநேரம் சுவரோரம் நின்றாள். கல்லை எடுத்துவிட்டால் போதும். அரை நாளில் வெட்டிவிடலாம். அண்ணனுக்கு வெட்டினால் தனக்கு இடமில்லை. அதோடு மூலை சரியாமல் வெட்ட முடியுமா என்றும் தெரியவில்லை. இதுவரை எவ்வளவோ குழி வெட்டியவள், அன்றைக்கு மண்ணைத் தொடாமல் கீழே இறங்கினாள். கடப்பாரை நுனியில் ஈரம்கூட இல்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

"பெரிய பாறைண்ணா. உடையாது."

அண்ணன் அவளையே பார்த்தார். "சரி. நீ சொன்னா சரிதான்," என்றார்.

டவுன் இடுகாடு பஸ் டிப்போவுக்குப் பின்னால். வரிசை வரிசையாக, எல்லோருக்கும் ஒரே அளவு சிமெண்டுக் கட்டை, அதில் பெயிண்டில் ஒரு எண். வெளியாள் ஒருவன் பீடியைக் காதில் செருகிக்கொண்டு குழி வெட்டினான். கல் தலைமாட்டில்தான் வைப்போம் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணி ஒவ்வொரு மாதமும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். "ஒரு பக்கம் யாரோ தையல்காரராம். இன்னொரு பக்கம் யாருன்னே தெரியல. உங்கண்ணனுக்கு ஜன்னலோர சீட்டுகூடக் கிடைக்கல," என்பாள். சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். "நீயும் ஒரு தடவை வாயேன் குட்டி." குட்டி அத்தைக்கு ஒவ்வொரு மாதமும் சரியாக அன்றைக்கு முழங்கால் வலிக்கும்.

பெரிய வீட்டில் இரண்டு பெண்கள் மட்டும் மிஞ்சினார்கள். ஒரே அடுப்பு, ஒரே கிணறு. அண்ணி சமைப்பாள், நாத்தனார் பாத்திரம் தேய்ப்பாள். இரண்டு பேருக்கும் சண்டை வரும், உப்புக்கு வரும், மாட்டுக்கு வரும், ஜன்னலைத் திறந்து வைப்பதற்கு வரும். ஒருத்திக்கு ஜுரம் என்றால் மற்றவள் கஞ்சியோடு கட்டிலருகே நிற்பாள். அண்ணன் பேச்சு மட்டும் வந்தால் குட்டி அத்தை எழுந்து கொட்டகைக்குப் போய்விடுவாள்.

பிறகு அவள் வயிற்றில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அண்ணிக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். சமையலறையை ஒட்டிய அதே அறையில் கட்டிலைப் போட்டார்கள். மகன் போனில் அம்மாவிடம் பேசினான். டவுனில் சொல்லி வைத்துவிட்டேன், அப்பாவுக்கு இரண்டு வரிசை தள்ளி இடம் இருக்கிறது என்றான்.

"கேட்டியா குட்டி? உங்கண்ணனுக்குப் பக்கத்துலதான். பயப்படாதே," என்றாள் அண்ணி, ஆறுதலாக.

குட்டி அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று முழுக்கக் கஞ்சி இறங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அண்ணி அவளுக்கு ஈரத்துணியால் முதுகு துடைத்துக்கொண்டிருந்தாள். எலும்பு எண்ணலாம் போலிருந்தது.

"அண்ணி, சுவரோரம் பாறை இல்லை."

"சரி, அசையாதே."

"நிஜமாத்தான். கல்லு ஒண்ணு இருக்கு. நான்தான் போட்டேன். அதுக்குக் கீழ மண்ணுதான்."

அண்ணி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. "கண்டதையும் பேசாதே. தூங்கு."

"கடப்பாரையை எடுத்துட்டுப் போய்ப் பாருங்க. அந்த மூலையில பிள்ளை இருக்கா அண்ணி. அவ பக்கத்துல என்னைப் போடச் சொல்லுங்க. டவுனுக்கு வேண்டாம்." பேசிய களைப்பில் கண்ணை மூடிக்கொண்டாள்.

பிள்ளை. அண்ணி துணியைப் பக்கெட்டில் போட்டாள். பூனைக்குட்டி மாதிரி அழுத பிள்ளை. எந்த இடம் என்று அவளுக்குமே மறந்துபோயிருந்தது.

கொட்டகையிலிருந்து கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போனாள். வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். சுவரோரம் சருகைக் காலால் தள்ளிவிட்டு, முடிந்த மட்டும் ஓங்கிப் போட்டாள். டங்.

அப்பாடா என்றிருந்தது. பாவம், புத்தி தடுமாறிப் பேசுகிறது. திரும்பி நடந்தாள். கதவுவரை வந்தாள். அண்ணி வீட்டைப் பூட்டிவிட்டுப் பஸ் ஸ்டாப் வரை போய், அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி வந்து பார்க்கிற ரகம். திரும்பிப் போய் மண்டியிட்டு, கையால் மண்ணை வழித்தாள். பாறைக்கு விளிம்பு இருக்காது. இதற்கு இருந்தது. நேராக, உளி வைத்து வெட்டியது. விளிம்பில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினாள். கல் ஒருபக்கமாக எழும்பி நின்றது.

ஒரு பக்கம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. அடுத்த பக்கத்தில் மூலை உடைந்திருந்தது. புது மருமகளாக வந்த வருஷம், அண்ணனின் வேட்டியை அடித்துத் துவைத்தபோது அந்த மூலையில் பட்டுத்தான் அவள் கண்ணாடி வளையல் நொறுங்கியது.

கல் இருந்த இடத்தில் கடப்பாரையைப் போட்டாள். கை நழுவுகிற அளவுக்கு உள்ளே இறங்கியது. கறுப்பு மண், மண்புழு நெளிகிற மண்.

முதலில் ஞாபகம் வந்தது, வேடிக்கையாக, பக்கத்து நிலத்துக்காரர்தான். அந்த மனிதர் கல்திருடன் என்ற பேரோடேயே செத்துப்போனார். பிறகுதான் மற்றது வந்தது. தலையணையில் சாய்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, நீ சொன்னா சரிதான் என்ற முகம். டிப்போவுக்குப் பின்னால் பெயிண்ட் எண். அண்ணி அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. கொதித்தது.

கீழே வந்து கிணற்றடியில் கையைக் கழுவினாள். உள்ளே போனாள்.

"பாத்தீங்களா அண்ணி?"

"பாத்தேன்."

"மண்ணுதானே?"

அண்ணி கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக் கரண்டியால் கலக்கினாள். "பாறைதான். டங்குன்னு சத்தம் வந்துச்சு. பெரிய பாறை, உடையாது."

குட்டி அத்தையின் கண்கள் அண்ணியின் முகத்திலிருந்து கைக்கு இறங்கின. கழுவியும் நகத்துக்குள் கறுப்பு மண் இருந்தது. எத்தனை குழி வெட்டியவள், அந்த மண்ணைத் தெரியாதா.

"சரி அண்ணி. நீங்க சொன்னா சரிதான்."

அண்ணி கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். ஒரு நாள் கிடக்கட்டும் என்று நினைத்தாள். அவர் எத்தனை நாள் கிடந்து மருகினார், இவள் ஒரு நாள் மருகட்டும். காலையில் சொல்லிக்கொள்ளலாம், மேட்டிலேயே போடுகிறேன் என்று. சொல்லும்போது இரண்டு வார்த்தை திட்டவும் வேண்டும். என்ன திட்டுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள்.

காலையில் காப்பியோடு போனபோது குட்டி அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தோளைத் தொட்டதும் தெரிந்துவிட்டது.

அண்ணன் மகன் வேன் வைத்துக்கொண்டு வந்தான். டயர்க்கடைக்காரன், நகக்கண்ணெல்லாம் கறுப்பு. "எல்லா ஏற்பாடும் பண்ணிட்டேம்மா. மத்தியானத்துக்குள்ள கிளம்பிடலாம்."

"வேனைத் திருப்பி அனுப்பு," என்றாள் அண்ணி. "மேட்டுல சுவரோரம் தோண்டு."

"அங்க பாறைம்மா."

"போய்த் தோண்டுடா. நம்ம குழியை நம்ம கைதான் தோண்டணும்."

"எனக்கு இடுப்பு வலி வேற..." என்று முனகிக்கொண்டே கடப்பாரையை எடுத்தான். அண்ணியும் கூடவே போய் மரத்தடியில் நின்றாள். சுவரில் சாய்த்து வைத்திருந்த கல்லை அவன் கவனித்தான்.

"இது என்ன கல்லு?"

"துவைக்கிற கல்லு. தோண்டு."

இரண்டு தடவை போட்டுப் பார்த்தான். மண் பொலபொலவென்று வந்தது. நின்றான். கல்லைப் பார்த்தான், குழியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான்.

"பாறை எங்கம்மா?"

"இதுதான் பாறை."

அவனுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. புரிந்ததும் கடப்பாரையை வீசி எறிந்தான். அது சுவரில் மோதி விழுந்தது. "அப்பாவை அங்க கொண்டுபோய் எவனோ வெட்டின குழியில போட்டோமே! அவர் எப்படிக் கெஞ்சினாரு... இவளுக்கு நான் தோண்டணுமா?" கதவைத் தாண்டிப் போய் மேட்டுச் சரிவில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அண்ணி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஒரு வெட்டு, ஒரு மூச்சு. ஒரு வெட்டு, ஒரு மூச்சு. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எவ்வளவு நேரம்தான் ஒரு மகன் உட்கார்ந்திருக்க முடியும்? எழுந்து வந்தான். மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டான்.

"மூலைப் பக்கம் போகாதே," என்றாள் அண்ணி. "அங்க ஒரு பிள்ளை இருக்கு."

"எந்தப் பிள்ளை?"

"அவ பெத்தது. உனக்கு மூத்தவ."

அவன் நிமிர்ந்தான். அவனுக்கு அப்படி ஒருத்தி இருந்ததே தெரியாது. "பேர் என்ன?"

"வெக்கல."

அதற்குப் பிறகு அவன் மெல்லத்தான் வெட்டினான். மூலைப் பக்கத்து மண்ணை மண்வெட்டியால் தொடாமல் கையால் வழித்தான். குழி குறுகலாகத்தான் வந்தது. அதற்குள் பக்கத்து நிலத்துக்காரரின் மருமகன் சேதி கேட்டு வந்து, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் கதவருகே நின்றான். அண்ணி அவனை உள்ளே கூப்பிட்டாள். இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்ற பிறகு அதுதான் முதல் தடவை. கட்டிலை ஒரு பக்கம் அவன் தூக்கினான். உடம்பில் கனம் இல்லை.

மண் தள்ளி முடிந்ததும் மகன் வியர்வையைத் துடைத்தான். "உங்களுக்குக் கோபமே இல்லையாம்மா?"

"இருந்துச்சு. அவகிட்டக் குடுத்துட்டேன். திரும்ப வாங்கறதுக்குள்ள போயிட்டா."

அவன் புரியாமல் பார்த்தான். அண்ணி கல்லைக் காட்டினாள். இருவரும் சேர்ந்து உருட்டி, கால்மாட்டில் குழி பறித்து நிறுத்தினார்கள்.

"எந்தப் பக்கம் அத்தையைப் பாக்கணும்மா?"

"தேஞ்ச பக்கம் அவ பக்கம் இருக்கட்டும்."

"பேர் கொத்தணுமே. குட்டின்னா கொத்துறது? அத்தைக்கு நிஜப் பேர் என்ன?"

அண்ணி சொன்னாள். அவன் அதை ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். பிள்ளைக்குக் கல் வைப்பதைப் பற்றி அவன் கேட்கவில்லை. அவளும் பேச்செடுக்கவில்லை. முறை முறைதான்.

சுவருக்குள் இனி இடம் இல்லை. "எனக்கு டவுன்தான்," என்றாள் அண்ணி இறங்கும்போது. "அவருக்குத் துணை வேணாமா? அந்த ரெண்டு வரிசை தள்ளி இருக்கிற இடத்தை விட்டுடாதே, சொல்லி வை."

கொட்டகைக்குள் போய்க் கடப்பாரையிலிருந்த மண்ணை ஒரு சாக்குத்துணியால் துடைத்தாள். எப்போதும் இருக்கும் மூலையில் சாத்தி வைத்தாள். வெளியே மகன் வேன்காரனுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தான். மாடு தண்ணிக்குக் கத்தியது. அது அவள் வேலை இல்லை, இதுவரை. வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.